மதிலுக்குள் இன்னும் மனிதர் இருக்கிறார்கள்

குடும்பத்தோடு காலிக் கோட்டைக்குப் போய்வருவது இலங்கையில் இப்போது அரை நாள் வேலை. 2011-இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்த பிறகு, கொழும்பில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் உச்சி வெயிலுக்கு முன் கோட்டை வாசலில் நிற்கலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே உள்ள வாசல் வழியாக வேன் உள்ளே நுழைகிறது. வெளிச்சவீட்டின் முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஒல்லாந்தர் கட்டிய ஆஸ்பத்திரியில் இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அங்கே ஐஸ்கிரீம் வாங்கித் தின்கிறார்கள். மதில்மேல் பாதித் தூரம் நடந்ததும் வியர்த்துக் கொட்டுகிறது. வேனில் ஏறி உனவட்டுனக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். காலி பார்த்தாயிற்று. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, விடுமுறை விடுமுறைதான். ஆனாலும் இப்படிப் போய்வந்தவர்கள் மதிலை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். ஆசியக் கடற்கரைகளில் ஐரோப்பியர் எழுப்பிய மதில்களுக்குப் பஞ்சமில்லை. மதிலுக்குள்ளே பள்ளிக்கூட மணி அடிக்கும், வழக்கு விசாரணை நடக்கும், வீட்டு முற்றத்தில் துணி காயும் ஊர் மிக அரிது. காலியின் மதில் இன்றுவரை நிற்பதற்கு அந்த ஊர்தான் காரணம் என்பதும், ஊர் போய்விட்டால் மதில் நின்றும் பயனில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோட்டை என்ற கணக்கில் காலியின் வரலாறு அப்படியொன்றும் வீரம் செறிந்ததல்ல. 1588-இல் போர்த்துக்கேயர் தரைப்பக்கம் மதிலெழுப்பி அரண் செய்தார்கள். 1640-இல் வில்லெம் கோஸ்டர் தலைமையில் வந்த ஒல்லாந்தர் படை அதைப் பிடித்தது. கோஸ்டர் பிறந்த ஊரான ஆக்கர்ஸ்லூட்டின் பெயர் இன்றும் ஒரு கொத்தளத்துக்கு இருக்கிறது. 1663 முதல் ஒல்லாந்தர் பெரிய அளவில் கட்டத் தொடங்கினார்கள். தரைப்பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெருங்கொத்தளங்கள். பிறகு கடலோரம் சுற்றிலும் மதில். 1729-இல் அந்தக் கடல்மதில் முடிந்தபோது 52 ஹெக்டேர் நிலத்தைப் பதினான்கு கொத்தளங்கள் வளைத்து நின்றன. இவ்வளவையும் கட்டியவர்கள் 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்தபோது சண்டையில்லாமலேயே ஒப்படைத்தார்கள். ஒரு வாரம் முன்பு கொழும்பு விழுந்துவிட்டது. அதன்பின் காலியில் போரிட்டு என்ன ஆகப்போகிறது? அறுபத்தாறு ஆண்டு எழுப்பிய மதில் காகிதத்தில் கைமாறியது. அதற்குப் பிறகு எந்தப் படைக்கும் அது பெரிதாகப் பயன்படவில்லை.

மதில் மதிலாகவே வேலை செய்த நாள் வெகு பிந்தி வந்தது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை காலியின் பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் கிரிக்கெட் மைதானத்தையும் வாரிக்கொண்டு போனது. கோட்டைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பவளப்பாறையும் கருங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து, மண் நிரப்பி எழுப்பிய அந்தத் தடித்த சுவரில் அலை முட்டி இருபுறமும் பிரிந்து போனது. மதிலையொட்டிய பழைய பண்டகசாலையில் இயங்கிய கடல்சார் அருங்காட்சியகம் மட்டும் மோசமாகச் சேதமடைந்து 2010-இல்தான் மறுபடி திறந்தது. பகைவரின் கப்பலுக்கு எதிராக வைத்த கல், கட்டியவர்கள் கற்பனையிலும் நினைத்திராத ஒன்றைத் தடுத்தது. அப்படித் தடுக்க வேண்டுமானால் 2004 வரை அந்தக் கல் அங்கே இருந்தாக வேண்டுமே! எப்படி இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏனெனில் பயனற்ற மதிலை இடிப்பதுதான் வழக்கம். கொழும்புக் கோட்டையின் மதில்களை ஆங்கிலேயர் 1870-ஐ ஒட்டி இடித்துத் தள்ளினார்கள். நகரம் விரிய இடம் தேவைப்பட்டது. இன்று அங்கே கோட்டை என்ற பெயர் இருக்கிறது, கோட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணக் கதை வேறு மாதிரி. அந்த ஐங்கோணக் கோட்டை படையினருக்கென்றே ஆனது. குடிமக்களின் நகரம் வெளியே இருந்தது. படைக்குரிய இடம் என்பதால் உள்நாட்டுப் போர் வந்தபோது மறுபடியும் அது படைமுகாமானது. 1990-இல் மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது. 1706-இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் அந்தப் போரில் இருந்த இடம் தெரியாமல் போனது. தெற்கில் இருந்த காலியில் போரே நடக்கவில்லை, அதனால் தப்பியது என்று சொல்லலாம். நியாயமான பேச்சுத்தான், இரண்டு கோட்டைகளின் விதியும் வேறானதில் புவியியலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் ஆளில்லாத மதிலுக்குள் எந்தப் படையும் எந்தத் திட்டமும் எளிதாகப் புகுந்துவிடும். நானூறு ஐந்நூறு குடும்பங்கள் குடியிருக்கும் தெருக்களில் அது அவ்வளவு சுலபமில்லை.

காலிக்கு இன்னொரு விதத்திலும் அதிர்ஷ்டம் அடித்தது. அந்த நேரத்தில் அது கேடாகத்தான் தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கீழைக்கடல் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ள நிற்கும் துறைமுகம் காலி. ஆனால் துறைமுக வாயிலில் பாறைகள். தென்மேற்குப் பருவக்காற்றில் நுழைவதே ஆபத்து. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். பத்தாண்டுகளில் அது முடிந்ததும் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்குப் போயின. ஏஜெண்டுகள், தரகர்கள், ஓட்டல்காரர்கள் பின்னாலேயே போனார்கள். பணம் வெளியேறிய ஊரில் பழைய வீட்டை இடித்து மாடி கட்ட யாரிடமும் வசதியில்லை. விறாந்தையும் உள்முற்றமும் ஓட்டுக்கூரையும் அப்படியே தங்கின. 1988-இல் யுனெஸ்கோ காலியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது வியந்து பார்த்த ஒருமைக்குப் பின்னால் நூறாண்டு ஏழ்மை இருக்கிறது. அந்த ஏழ்மையிலும் ஓடு மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, மழைக்கு முன் கால்வாயைத் துப்புரவாக்கிக்கொண்டு அங்கேயே இருந்தவர்கள் இல்லாவிட்டால், அந்த வீடுகள் என்றோ குட்டிச்சுவராகியிருக்கும்.

கால்வாய் என்று சொன்னேன். கோட்டையில் நான் எல்லோரையும் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். எந்தச் சுற்றுலாப் படத்திலும் அது வராது. தெருக்களுக்கு அடியில் செங்கல் வளைவுகளால் ஒல்லாந்தர் கட்டிய கழிவுக் கால்வாய்கள் ஓடுகின்றன. வாட்டம் கணக்கிட்டுக் கடலில் திறந்துவிட்டிருக்கிறார்கள். கடல் ஏறும்போது நீர் உள்ளே புகும், இறங்கும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு வெளியேறும். நாளுக்கு இருமுறை ஊரைக் கழுவும் வேலையைக் கடலிடமே விட்டிருந்தார்கள். இந்த ஏற்பாடு இன்றும் முழுவதும் அழியாததற்குக் காரணம் அதற்கு மேலே வீடுகள் இருப்பதுதான். கால்வாய் அடைத்தால் நாற்றம் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் மாநகரசபைக்கு ஓடுவார். பிற்காலத்தில் நெதர்லாந்து உதவியோடு கோட்டைக்குள் சீரமைப்புப் பணிகள் நடந்தன. தினமும் புழங்கும் இடத்தில் செய்த பழுதுபார்ப்புதான் நிலைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளுக்குக் காவல்காரர் வேண்டும். வீட்டுக் கால்வாய்க்கு அந்த வீட்டுக்காரரே போதும்.

யார் அந்த வீட்டுக்காரர்கள்? 1755-இல் முடிந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையில் பதித்த கல்லறைப் பலகைகளைப் பார்த்துவிட்டு, இது ஐரோப்பியர் ஊர் என்று நினைத்துத் திரும்புபவர்கள் நிறையப் பேர். சற்றுத் தள்ளி வெளிச்சவீட்டுப் பக்கம் நடந்தால் மீரான் ஜும்மாப் பள்ளிவாசல் நிற்கிறது. வெள்ளை முகப்பும் இரட்டைக் கோபுரமுமாய், தேவாலயம் என்று ஏமாறும்படி கட்டியிருக்கிறார்கள். இதைச் சுற்றியுள்ள தெருக்கள் பல தலைமுறைகளாகச் சோனகர் குடியிருப்புகள். தெருத்தெருவாகப் பொருள் சுமந்து விற்றவர்களின் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது, பெட்லர் தெரு. மாணிக்கக்கல்லும் நகையும் விற்கும் பழைய கடைகள் பல இவர்களுடையவை. இலங்கைச் சோனகரின் தாய்மொழி தமிழ். கடை வாசலில் சிங்களமும் ஆங்கிலமும் பேசும் குடும்பம் உள்வீட்டில் தமிழில் பேசிக்கொள்வது தென்மாகாணத்தில் புதிதல்ல. தமிழகத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போகும் குடும்பம் காலியில் தன் மொழிக்கு இடமில்லை என்று எண்ண வேண்டியதில்லை. இன்னும் பழைய சான்றும் உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டு குறித்த மும்மொழிக் கல்வெட்டு இந்தக் காலியில்தான் 1911-இல் கிடைத்தது. எழுத்துள்ள முகம் கீழே இருக்க, ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்திருக்கிறது. சீனமொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை சொல்கிறது. ஒரே கல்லில் மூன்று மொழி, மூன்று வழிபாடு. அப்போதைய தென்னிலங்கைத் துறைகளில் யார் யார் வணிகம் செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டுப் போவது நல்லது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். அடிமைகளையும் கட்டாய உழைப்பையும் கொண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் வணிகத்துக்காக எழுப்பிய கோட்டையை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? பழைய வாசலின் உட்பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினை 1669 என்ற ஆண்டோடு இருக்கிறது, வெளிப்பக்கம் பிரித்தானிய இலச்சினை. இரண்டு கொள்ளைக்காரர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதுபோல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. அந்த வாசலில் கறுவாவைக் கணக்கிட்டு ஏற்றிய பாவத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கோட்டையை வெறும் சின்னமாக மட்டும் பார்த்தால் அது கட்டுவித்தவர்களின் சின்னம். கவர்னரும் தளபதியும்தான் கதாநாயகர்கள். ஊராகப் பார்த்தால் கதை மாறுகிறது. கட்டுவித்தவர்கள் போய் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் விட்டுப்போன விறாந்தையில் சிங்களவரும் சோனகரும் பறங்கியரும் உட்கார்ந்து வெற்றிலை மென்று, பிள்ளை வளர்த்து, சொத்து வழக்காடி அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். உள்ளேயே சவுத்லண்ட்ஸ் கல்லூரி இருக்கிறது. மதிய வெயிலில் வெள்ளைச் சீருடைப் பெண்பிள்ளைகள் குடைபிடித்துக் கூட்டமாகத் தெருவை நிரப்பும் நேரத்தில் கம்பனியின் கொடி யார் நினைவுக்கும் வராது.

ஆபத்து இப்போது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வெளிநாட்டவர் நிலம் வாங்கினால் விதித்த நூறு சதவீத வரியை 2002-இல் அரசு நீக்கியது. 2004-இல் மறுபடி கொண்டுவந்தது. அந்தச் சிறிய இடைவெளியில் கோட்டை வீடுகள் வரிசையாகக் கைமாறின. 2014-இல் வெளிநாட்டவருக்கு நிலம் விற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதற்குள் தெருக்களின் முகம் மாறிவிட்டது. சிறு ஓட்டல், கலைக்கூடம், உணவகம், வருடத்தில் சில வாரம் மட்டும் திறக்கும் விடுமுறை மாளிகை. இதை வரவேற்பவர்களிடமும் வலுவான நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. விழப்போகும் கூரையைச் சரிசெய்யக் குடியிருந்தவர்களிடம் காசு இல்லை. வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தேக்கு உத்தரத்தையும் முற்றத்தையும் மீட்டார்கள். விற்றவர்கள் வெளியே நல்ல வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பாரம்பரியம் என்ற பெயரில் ஏழைகளைப் பாழடைந்த வீட்டில் அடைத்து வைக்க வெளியூர்க்காரர்களுக்கு என்ன உரிமை? உரிமை இல்லைதான். ஆயினும் இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னறையில் குடும்பம், பின்னறையில் விருந்தாளி என்று நடக்கும் தங்குவிடுதி வீட்டுக்கு வருமானம் தருகிறது, வீட்டுக்காரரை இருத்துகிறது. பூட்டிய மாளிகை வீட்டைத் துடைத்து அழகாக்குகிறது, தெருவிலிருந்து ஒரு வீட்டுக்காரரைக் குறைத்துவிடுகிறது. அடுத்த மழையில் கால்வாய் அடைத்தால் யாரும் முறையிடப்போவதில்லை. குடும்பமாகப் போகிறவர்கள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள், வீட்டார் நடத்தும் விடுதியில் தங்குங்கள். செலவு நட்சத்திர ஓட்டலில் ஆவதில் ஒரு பங்குதான் ஆகும்.

ஊர் என்பதற்கு வீடு மட்டும் போதாது, பொதுவெளியும் வேண்டும். காலியின் பொதுவெளி மதிலின் மேல்தளம். புல் முளைத்த அகன்ற மேடு, எல்லாப் பக்கமும் கடல், சீட்டு வாங்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் காலி நகரமே அங்கே ஏறுகிறது. காதலர்கள் ஒரே குடைக்குள் ஒடுங்கியிருப்பார்கள். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், தாத்தாக்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஃபிளாக் ராக் கொத்தளத்தில் இளைஞர்கள் காசு வாங்கிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே கடலில் குதிப்பார்கள். பிள்ளைகள் அதைத்தான் வீடு திரும்பிய பிறகும் பேசுவார்கள் என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். கிரிக்கெட் நாளில் மதில் இலவசப் பார்வையாளர் மாடம். 2010 ஜூலை 22 அன்று முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்ட் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800-ஆவது விக்கெட்டை எடுத்தது இந்த மதிலின் கீழேதான். 2021 ஜனவரியில் தொற்றுக் காலத்தில் ரசிகர்களுக்கு அனுமதியில்லாதபோது, மாதக்கணக்கில் இலங்கையிலேயே காத்திருந்த ஓர் இங்கிலாந்து ரசிகர் மதில்மேல் தனியாக நின்று ஆட்டம் பார்த்தார்; சதமடித்த ஜோ ரூட் மட்டையை அவரை நோக்கி உயர்த்தினார். ஆழிப்பேரலைக்குப் பிறகு மைதானத்தில் எழுந்த புதிய கட்டடங்கள் கோட்டையின் தோற்றத்தை மறைக்கின்றன என்று மரபுரிமைத் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மைதானமும் மதிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்த உறவு, பட்டியலில் எழுதாத பெரும் சொத்து.

இந்த மேல்தளத்துக்குக் கட்டணம் வைத்தால் பராமரிப்புக்குப் பணம் வருமே, கூட்டமும் குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. சீகிரியாவில் வாங்குகிறார்கள், இங்கே ஏன் கூடாது? சீகிரியாவில் யாரும் பால் வாங்க மலையேறுவதில்லை. காலியில் வாசலில் சீட்டு வைத்தால் பள்ளிப் பிள்ளையிடமும், வழக்குக்கு வந்த கிராமத்து மனிதரிடமும், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வருபவரிடமும் நீங்கள் யார் என்று கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி கேட்கப்படும் நாளில் அது ஊராக இராது. பணம் தேவையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. அருங்காட்சியகங்களுக்குச் சீட்டு உண்டு. சுற்றுலா வாகனங்களை மதிலுக்கு வெளியே நிறுத்தச் செய்து நிறுத்தக் கட்டணம் வாங்கலாம். விடுதி அறைகளில் சிறு வரி வைக்கலாம். வாகனத்தை வெளியே நிறுத்துவது அதனளவிலேயே பெரிய உபகாரம். அந்த ஒடுங்கிய தெருக்களில் ஒரு வேன் திரும்புவதற்குள் நாலு வீட்டு விறாந்தையில் புகை ஏறிவிடுகிறது.

வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவது எப்படி முடியும், அவர்களுக்குச் சுவாரசியமான இடம் நாலைந்து போதாதா என்பது கடைசி மறுப்பு. சொல்லப்போனால் குடும்பத்துக்கு இவ்வளவு ஏற்ற கோட்டை வேறில்லை. ஏறிக் களைக்கும் குன்று கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கப் பெரிய நேரம் ஆகாது. நடக்க முடியாதவர் நிழல் விறாந்தையிலோ தேநீர்க் கடையிலோ இருந்துவிடலாம், மற்றவர்கள் சுற்றி வரலாம். தவறு வேளையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பதினோரு மணி வெயிலில் மதில்மேல் நடத்தினால் எந்தப் பிள்ளையும் வரலாற்றை வெறுக்கும். விடியற்காலையிலோ மாலையிலோ மதில். வெயில் நேரத்தில் மரநிழலும் அருங்காட்சியகமும் தேவாலயமும். பூச்சு உதிர்ந்த சுவரில் கைவைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே பவளப்பாறையின் துளைகளைக் கண்டுபிடிப்பார்கள். கடலை வெட்டிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள் என்று பிறகு விளக்கலாம்.

வீட்டார் நடத்தும் விடுதியில் நாம் ஓர் இரவு தங்குவதால் மட்டும் ஊர் பிழைத்துவிடாது. காலி மரபுரிமை மன்றம் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. தொல்லியல் திணைக்களம் இருக்கிறது, மாநகரசபை இருக்கிறது. பழைய வீட்டுக்காரர் கூரை ஓட்டை மாற்ற இவர்களிடமெல்லாம் அனுமதிக்கு அலைய வேண்டும். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உள்ளே யாராவது குடியிருக்க வேண்டும் என்று விதியில்லை. குடியிருப்பவருக்கு வரியில் சலுகையும், சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரும், ஓட்டுக்கு மானியமும் கொடுத்தால் விற்கும் அவசரம் குறையும். விற்கத்தான் வேண்டுமென்றால் அங்கேயே குடியிருக்கப் போகிறவருக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு வேண்டும். விலையில் கொஞ்சம் குறையும். அந்தக் குறையை விற்பவர் தலையில் சுமத்தாமல் கோட்டையால் வருமானம் பார்க்கும் அரசு ஈடுகட்டலாம்.